தடி லைனரும் இரண்டு மச்சினன்களும்

போன மாதம் பழைய லாரி ஷெட் பக்கம் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். புது லாரி ஒன்று நின்றது. ஏறிப் பார்த்தால் டிரைவர் சீட்டுக்கு முன்னால் கல்யாண மண்டபம் மாதிரி அத்தனை விளக்குகள். இப்போது அங்கே வேலை பார்க்கும் ஃபிட்டர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றுகொண்டார்கள். அதில் ஒருத்தன் ஒரு விளக்கைத் தொட்டுக் காட்டி, "பிரேக்ல எங்கன கோளாறுன்னாலும் இது எரிஞ்சிரும்ணே. உங்க காலத்துல இதெல்லாம் எதை வச்சுக் கண்டுபிடிச்சீக?" என்று கேட்டான்.

"சந்தனத்தை வச்சு" என்றேன்.

ஷெட்டே சிரித்தது. "அண்ணனுக்கு வெயில் ஏறிருச்சு, மோர் வாங்கிட்டு வாங்கப்பா" என்றான் இன்னொருத்தன். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. ஊரையெல்லாம் கிண்டல் பண்ணியே காலம் தள்ளியவன் நான். என்னை ஒருத்தன் கிண்டல் பண்ணினால் மட்டும் பொறுக்காது. வீட்டுக்கு வந்ததும் பேத்தியிடம் ஒரு நோட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். இதைப் படித்துவிட்டு அவன்கள் மோர் குடிக்கட்டும்.

சிவகாசியிலிருந்து திருத்தங்கல் போகிற ரோட்டில் எங்கள் ஷெட். பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரிகள் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தன. நான் அங்கே ஃபிட்டர். தொழில் கற்றது விருதுநகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில். கற்றதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருடம் டீசலில் நட்டு கழுவினேன். இரண்டாம் வருடம் நன்றாகக் கழுவுகிறான் என்று பெயர் வாங்கியதால் அப்போதும் நட்டுதான் கழுவினேன். அதற்கப்புறம் ஒருநாள் ஸ்பானரைக் கையில் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

சக்கர வேலையில் எனக்குத் தெரிந்த பெரிய உண்மை ஒன்று உண்டு. சேராத சாமானால் ஆபத்தே கிடையாது. சின்ன டயரைப் பெரிய வளையத்தில் மாட்ட முடியுமா? முடியாது, தூக்கிப் போட்டுவிடுவோம். கிட்டத்தட்டச் சேருகிற சாமான்தான் ஆளைக் கவிழ்க்கும். தட்டினால் உள்ளே போய்விடும். போனதும், சரியாகத்தான் இருக்கிறது போல என்று நம் மனசு சொல்லும். அந்த "போல"வை நான் நம்புவதே இல்லை.

எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் சின்னத் துண்டு. யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. 'ஆகட்டும்' என்றோ 'ஆகாது' என்றோ சொல்லியும் நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்பார். அதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவன்தான் அந்தக் கம்பெனியில் பிழைக்க முடியும். ஒரு "பாப்போம்" என்றால் நடக்கும். "பாப்போம், பாப்போம்" என்று இரண்டு தடவை வந்தால் நடக்காது. சொல்லிக்கொண்டே துண்டை எடுத்து மறு தோளில் போட்டார் என்றால் அந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது. புதிதாக வந்த டிரைவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுப்போம், கியர் போடுவதெல்லாம் அப்புறம்.

அண்ணாச்சிக்கு ஒரு மச்சினன். பெயர் செல்வம், எங்களுக்குச் செல்வம் அண்ணாச்சி. முதலாளியம்மாவின் ஒரே தம்பி. அக்காவுக்கு அவர் மேல் உயிர். அக்கா வீட்டோடு வந்து தங்கிக்கொண்டு, ஷெட்டுக்குச் சாமான் வாங்கும் வேலையை எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷன், அதில் குறை சொல்ல மாட்டேன். தினமும் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கித் தருவார். சாமான் வாங்குவதில் மட்டும் அவருக்குச் சனி.

வந்த புதிதில் ஒருதடவை எல்லாச் சக்கரத்துக்கும் நட்டு வாங்கி வந்தார். அந்தக் கால லாரியில் வலது பக்கச் சக்கரத்து நட்டு ஒரு திசையில் திருகினால் இறுகும், இடது பக்கத்து நட்டு எதிர்த் திசையில் இறுகும். ஓடும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருந்தார்கள். செல்வம் அண்ணாச்சி அத்தனையும் வலது பக்கத்து நட்டாகவே வாங்கிவிட்டார். "ஒரு வண்டிக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கணும்? இது என்னய்யா கூத்து?" என்று எங்களிடமே கோபப்பட்டார். "வலது கால் செருப்பு ரெண்டு வாங்கிப் போட்டுப் பாருங்கண்ணாச்சி" என்றேன். அன்றைக்கு எனக்கு மட்டும் வடை வரவில்லை. ஆனால் அந்த நட்டை இடது பக்கம் மாட்டவே முடியாது என்பதால் ஆபத்து ஒன்றுமில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

ஆபத்து வந்தது தடி லைனர் வடிவில்.

லாரிச் சக்கரத்துக்குள் சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புச் சட்டி சுற்றும். அதுதான் டிரம். சட்டிக்குள்ளே பிறை மாதிரி இரண்டு இரும்புகள் சுற்றாமல் நிற்கும். அவற்றின் முதுகில் ரிவெட் அடித்த பட்டைதான் லைனர். பிரேக்கை மிதித்தால் பிறைகள் விரிந்து லைனர் சட்டியைப் பிடிக்கும். காலை எடுத்தால் விட்டுவிட வேண்டும். நாள்பட்ட சட்டி தேய்ந்து வரி விழுந்துபோகும். அப்போது கடைசல் பட்டறையில் கொடுத்து உள்பக்கத்தைச் சீவி வாங்குவோம். சீவினால் சட்டி அகலமாகும். அகலமான சட்டிக்குத் தடித்த லைனர் போட வேண்டும். புதுச் சட்டிக்கு மெல்லியதுதான். இவ்வளவுதான் விஷயம், ரசத்துக்குப் புளி கரைக்கிற அளவுக்குக்கூடச் சிரமமில்லை.

அந்த வருடம் சீசன் தொடங்கும் முன் அண்ணாச்சி மனசு வைத்து, முதல் லோடு ஏற்றிப் போகிற லாரிக்குப் பின்பக்கம் புது டிரம் போட்டார். லைனர் வாங்கச் செல்வம் அண்ணாச்சி மதுரைக்குப் போனார். கடையில் மெல்லியதும் தடித்ததும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கிறது. வியாபாரக் குடும்பத்து ஆள் எதை எடுப்பார்? கையில் தூக்கிப் பார்த்திருக்கிறார். கனமானதை எடுத்துவிட்டார்.

"எப்படி இருக்கு பாத்தீகளா? நல்லாத் தடிமனா, ரெண்டு சீசனுக்கு உழைக்கும்" என்று பெட்டியைப் பிரித்துக் காட்டினார்.

"அண்ணாச்சி, இது சீவின டிரம்முக்குப் போடுறது. நம்மகிட்ட இருக்கிறது புதுசு. உரசும்."

"தடிமனா இருந்தா நல்லதுதானே? செருப்புக்குச் சோல் தடிமனா இருந்தா வேண்டாம்பீகளா?"

"சோல் அடியில இருந்தா நல்லதுதான். அதையே செருப்புக்குள்ள வச்சுத் தச்சா கால் நுழையுமா?"

"மாட்டிப் பாருங்க, நுழையும்" என்றார்.

அவர் எதிரிலேயே மாட்டினோம். மரச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினதும் டிரம் உள்ளே போய்விட்டது. "நுழைஞ்சிருச்சுல்ல?" என்று சிரித்தார். நான் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன். அரைச் சுற்றுகூட வராமல் உஸ் என்று உரசிக்கொண்டு நின்றது. தளர்த்துகிற திருகு கடைசிவரை தளர்த்தித்தான் இருந்தது, அதற்குமேல் தளர்த்த வழி இல்லை. லைனரைக் கடைசல் பட்டறையில் கொடுத்து அளவுக்குச் சீவிவிட்டால் போதும், அரை நாள் வேலை என்று சொன்னேன்.

"தடிமன் வேணும்னு வாங்கிட்டு வந்ததைச் சீவுறதுக்கா? புது லைனர்னா கொஞ்சம் சுடத்தான் செய்யும். ஓட ஓடச் சரியாயிரும்" என்றார். சொல்லிவிட்டு நாற்காலி போட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் கழற்றிவிடுவேன் என்று தெரிந்து வைத்திருந்தார். அந்த அறிவை மதுரைக் கடையில் காட்டியிருக்கலாம்.

சிமெண்டு ஏற்றுகிற லாரியாக இருந்தால் நானும், கிடக்கட்டும், நாலு நாள் சூட்டில் தேய்ந்து சரியாகட்டும் என்று விட்டிருப்பேன். இது பட்டாசு லோடு. சுடுகிற டிரம்முக்கும் மத்தாப்புப் பெட்டிக்கும் நடுவில் இருப்பது ஒரு மரப்பலகை. இந்த ஊரில் பட்டாசு லாரியின் புகைக்குழாய் வாயில்கூடப் பொறி பறக்காமல் வலை மாட்டித்தான் ஆலைக்குள் விடுவார்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு அடியில் அடுப்பு வைத்து அனுப்பலாமா?

இதில் இன்னொரு சங்கடம். அண்ணாச்சிக்கு மட்டும்தான் மச்சினன் உண்டா? எனக்கும் உண்டு. என் வீட்டுக்காரியின் ஒரே தம்பி காளிமுத்து. அந்த லாரியின் டிரைவரே அவன்தான். முதலாளியின் மச்சினன் வாங்கின லைனரில் என் மச்சினன் வடக்கே போக வேண்டும்.

அண்ணாச்சியிடம் போய் நின்றேன். முழுக்கச் சொன்னேன். அவருக்கு விளங்கிவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "பாப்போம், பாப்போம்" என்றார். துண்டு மறு தோளுக்குப் போய்விட்டது. மச்சினன் வாங்கியதைக் கழற்றினால் வீட்டில் சோறு இறங்காது அவருக்கு.

என் வீட்டில் கதை வேறு. காளிமுத்து வந்து, "மச்சான், வண்டி இழுக்கவே மாட்டேங்குது. யாரோ பின்னால பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு" என்று சொன்னதை என் வீட்டுக்காரி அடுப்படியில் இருந்து கேட்டுவிட்டாள்.

"ஏங்க, என் தம்பி ஓட்டுற வண்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல, லைனர் கொஞ்சம் தடிமன்."

"அம்புட்டுச் சாமானையும் கழட்டி மாட்டுறேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிடுதீகல்ல? அதைக் கழட்டி மாட்டுங்க. எந்தம்பிக்கு ஒண்ணுன்னா நீங்க சோத்துக்கு ஓட்டலைப் பாத்துக்கிடுங்க" என்று கரண்டியை வைத்தாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. காளிமுத்துவை அவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவனை நிறுத்திக்கொண்டு வேறொரு டிரைவரை அனுப்பலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த வேறொருத்தனுக்கும் ஒரு அக்கா இருப்பாளே.

நேராகப் போனால் துண்டு மறிக்கிறது. சுற்றித்தான் போக வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

எங்கள் ஷெட்டில் சீசன் முதல் லோடு கிளம்புவதற்கு முன்னால் லாரிக்குப் பூசை உண்டு. வண்டி காலியாக நின்றாலும் கற்பூரம் கொளுத்த மாட்டோம். பட்டாசுக்காரன் வண்டிக்கு எதிரில் நெருப்பு காட்டுவதில்லை என்பது வழக்கம். தீபாராதனை கிடையாது என்பதால் எங்கள் பூசையில் சந்தனம்தான் எல்லாம். கிண்ணம் நிறையச் சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் மூன்று விரலால் இழுத்துப் பட்டை போட்டு, குங்குமம் வைக்க வேண்டும். முன் சக்கரத்துக்கு அண்ணாச்சி. பின் சக்கரத்துக்கு எப்போதும் செல்வம் அண்ணாச்சி. அதற்கென்றே அன்றைக்குப் பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு வருவார்.

பூசைக்கு நல்ல நேரம் குறித்திருந்த அன்று காலையில் காளிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏலே, காலி வண்டியோட எடை போட்டு வரணும்னு சொல்லிட்டு எடு. விருதுநகர் ரோட்டுல ஆமத்தூர் வரைக்கும் போய்த் திரும்பு. சரியா பூசை நேரத்துக்கு வந்து நிக்கணும், முன்னால வந்துராத."

"எதுக்கு மச்சான்?"

"சக்கரத்துக்கு வெந்நி போடுறோம்னு வச்சுக்கோ. பிரேக்கை மட்டும் அநாவசியமா மிதிச்சிராத. மிதிச்சதனாலதான் சுட்டுச்சுன்னு செல்வம் அண்ணாச்சி வக்கீல் மாதிரி பேசுவாரு."

அவனுக்குப் புரிந்துவிட்டது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வண்டியில் ஏறினான்.

வண்டி திரும்பி வந்தபோது மாலையும் எலுமிச்சம்பழமுமாக எல்லோரும் தயாராக நின்றார்கள். முதலாளியம்மா தலை நிறையப் பூவோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்ப் புறங்கையைக் கிட்டே கொண்டுபோனேன். அனல் அடித்தது. கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி ஓரமாக நின்றேன். செல்வம் அண்ணாச்சியின் மூன்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காமல் போன அத்தனை பேச்சையும் அந்த மூன்று விரல் கேட்கப் போகிறது.

அண்ணாச்சி முன் சக்கரத்துக்குச் சந்தனம் வைத்தார். கிண்ணத்தை மச்சினனிடம் நீட்டினார். செல்வம் அண்ணாச்சி வாங்கினார். வாங்கியவர் திரும்பி, "அக்கா, இந்தத் தடவை புது டிரம், புது லைனர். உன் கையால வை. ராசியான கை" என்றார்.

என் திட்டம் தலைகீழாகப் போய்விட்டது. முதலாளியம்மா சந்தோஷமாக எழுந்து வருகிறார். மூன்று விரலில் சந்தனத்தை எடுக்கிறார். சக்கரத்துக்குக் குனிகிறார். நான் கத்திவிட்டேன்.

"அம்மா, தொடாதீக!"

பூசை நேரத்தில் இப்படி ஒரு சத்தம். அண்ணாச்சியின் கை துண்டுக்குப் போய்ப் பாதியிலேயே நின்றது. என் சீட்டு கிழிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏன் ஃபிட்டரு? நான் தொட்டா என்ன?" முதலாளியம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"கை சுட்டுரும்மா."

அவர் என்னைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். இடது கையைச் செம்புத் தண்ணீரில் நனைத்து, தோசைக்கல் காய்ந்ததா என்று பார்க்கிற மாதிரி சக்கரத்தின் மேல் சுண்டினார். ஸ்ஸ்ஸ் என்று சத்தம் வந்தது. தண்ணீர் உருண்டு ஆவியாய்ப் போனது.

"தோசையே ஊத்தலாம் போல இருக்கே" என்றார். "எதனால இப்படி?"

நான் வாயைத் திறப்பதற்குள், "புது லைனர்க்கா. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாயிரும்" என்றார் தம்பி.

"இந்த வண்டியை இன்னிக்கு யாரு ஓட்டிட்டுப் போறது?"

"காளிமுத்தும்மா. என் வீட்டுக்காரியோட தம்பி" என்றேன்.

"எத்தனை தம்பி அவளுக்கு?"

"ஒரே தம்பிம்மா."

முதலாளியம்மா காளிமுத்துவைப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு தன் தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்சம் நீளமாக இருந்தது. விரலில் எடுத்த சந்தனத்தைத் தம்பி கையிலிருந்த கிண்ணத்திலேயே வழித்துவிட்டார்.

"கொஞ்சம் சூடுதானே தம்பி. நீயே வை."

செல்வம் அண்ணாச்சி கிண்ணத்தைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். டிரைவர்கள், கிளீனர்கள், பக்கத்து அச்சாபீஸிலிருந்து பொங்கல் வாங்க வந்தவர்கள், அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லை. மூன்று விரலில் சந்தனம் எடுத்து, முருகா என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்தார்.

"ஆத்தாடி!"

கையை உதறிக்கொண்டு அவர் குதித்த குதியில் கிண்ணம் பறந்தது, குங்குமம் பட்டுக்கரை வேட்டியில் கொட்டியது. சக்கரத்தில் வைத்த சந்தனம் எங்கள் கண்ணெதிரே வெளுத்து, வெடித்து, பொரிந்து உதிர்ந்தது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். எனக்குப் பக்கத்தில் யாரோ களுக்கென்றார்கள். திரும்பினால் அண்ணாச்சி. துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நின்றார்.

அக்கா சிரிக்கவில்லை. தம்பியின் விரலைப் பிடித்துச் செம்புத் தண்ணீருக்குள் முக்கினார். முக்கிப் பிடித்தபடியே, "அவளும் அக்காதானடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். செல்வம் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணாச்சி துண்டை வாயிலிருந்து எடுத்தார். "ஃபிட்டரு, லைனரைக் கழட்டு" என்றார். எனக்குத் தெரிந்து, அவர் 'பாப்போம்' இல்லாமல் பேசியது அன்றைக்குத்தான்.

கடைசல் பட்டறைக்கு லைனரைத் தூக்கிக்கொண்டு போனது செல்வம் அண்ணாச்சிதான், விரலில் வாழைக்குருத்தைச் சுற்றிக்கொண்டு. சீவி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாராம். மறுநாள் நல்ல நேரத்தில் காளிமுத்து தாயில்பட்டி ஆலைக்குப் போய் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வடக்கே போய்ச் சேர்ந்து போன் பண்ணினான். "மச்சான், சக்கரம் மோர் மாதிரி குளுகுளுன்னு இருக்கு" என்றான். போனை அவன் அக்கா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அன்று ராத்திரி எனக்கு வீட்டுச் சோறுதான், கூட ஒரு அப்பளம் அதிகம்.

அதற்கப்புறம் செல்வம் அண்ணாச்சி எந்தச் சாமான் வாங்கப் போனாலும் பழசைக் கையோடு எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்துதான் வாங்கினார். ஒவ்வொரு சீசனுக்கும் பூசையில் பின் சக்கரத்துக்குப் பொட்டு வைக்கும் முன்னால் புறங்கையை ஒரு தடவை கிட்டே கொண்டுபோவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். அதுவும் பூசையில் ஒரு பகுதி என்றுதான் புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.

நான் வேலையிலிருந்து நின்ற அன்று ஷெட்டிலேயே சின்னதாக விழா வைத்தார்கள். அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது. கம்பெனியைச் செல்வம் அண்ணாச்சிதான் நடத்துகிறார். மாலை போட்டு, நெற்றியில் சந்தனம் வைக்க அவர்தான் வந்தார். மூன்று விரலில் சந்தனத்தை எடுத்தவர், இத்தனை வருடப் பழக்கத்தில் தன்னையறியாமல் இன்னொரு கையின் புறங்கையை என் நெற்றிக்குக் கிட்டே கொண்டுவந்து ஒரு நொடி நிறுத்தினார்.

ஷெட்டே விழுந்து விழுந்து சிரித்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "என்ன தம்பி, சுடுதா?"

"இல்லக்கா" என்றார் அவர், என் கண்ணைப் பார்த்து. "ஓட ஓடச் சரியாயிருச்சு."